பாலிமர் காப்புரிமை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு எப்படி?

அமெரிக்காவில் ஒரு பாலிமருக்குக் காப்புரிமை கிடைக்க, அது புதியதாக இருக்க வேண்டும்; துறை அறிந்தவர் எளிதில் ஊகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஆய்வாளர் பழைய காப்புரிமைகளையும் ஆய்விதழ்களையும் தேடுகிறார். கோரிய பாலிமர் முழுவதும் ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை என்றும், பல ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் எட்டிவிடலாம் என்றால் ஊகிக்கத்தக்கது என்றும் மறுக்கிறார்.

பாலிமரில் இந்தச் சிக்கல் கூடுதல். ஒரே மோனோமர்களிலிருந்து வெவ்வேறு மூலக்கூறு எடையும் சங்கிலி அமைப்பும் கொண்ட பொருள்கள் உருவாகலாம்; பழைய ஆவணங்கள் பலவற்றில் அந்த அளவுகள் இருப்பதில்லை. மூலப்பொருளும் செய்முறையும் ஒத்திருந்தால், விளைபொருளும் ஒன்றே என்று ஆய்வாளர் கருத இடமுண்டு. அதன்பின், வேறு என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

1990இல் தீர்ப்பான ஸ்பாடா வழக்கு இதற்குச் சான்று. தம் பாலிமர் ஒட்டும் தன்மையுடையது, பழைய காப்புரிமையில் உள்ளதோ கடினமானது என்று ஸ்பாடா வாதிட்டார். ஒரே வேதி அமைப்புள்ள பொருள்களுக்கு முரண்பட்ட பண்புகள் இருக்க இயலாது என்ற ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், மறுப்பை உறுதிசெய்தது.

ஆகவே வலுவான பதில் ஆய்வகத்தில்தான் உருவாகிறது. பழைய ஆவணத்தின் செய்முறைப்படியே பாலிமரைத் தயாரித்து, புதியதோடு ஒப்பிட்டு அளந்து, முடிவுகளை உறுதிமொழி வாக்குமூலமாகத் தர வேண்டும். அந்த வேறுபாடு உரிமைக்கோரிக்கையிலும் இடம்பெற வேண்டும். கோரிக்கை பழைய பொருளையும் உள்ளடக்கும் அளவு விரிந்திருந்தால் சோதனை பயன்படாது. மேல்முறையீடு தொடங்கிய பிறகு புதிய சான்றுகளுக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், இவற்றை முன்பே தாக்கல் செய்வது அவசியம்.

கோரிக்கைகள் இருமுறை மறுக்கப்பட்டால், காப்புரிமை விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுத்த 2 மாதங்களுக்குள் வாதுரை தாக்கல் செய்ய வேண்டும். ஆய்வாளர் பதிலளிப்பார், அதற்கு மறுமொழி தர மேலும் 2 மாதங்கள் உண்டு. குறைந்தது 3 நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவெடுக்கும்.

வாரியமும் மறுத்தால் வழிகள் இரண்டு. ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் இருக்கும் பதிவுகளை வைத்தே முடிவு செய்யும். கிழக்கு வர்ஜீனியா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால் புதிய சான்றுகளையும் தரலாம். இதை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றாலும் தோற்றாலும், வல்லுநர் கட்டணம் நீங்கலாக, காப்புரிமை அலுவலகத்தின் சில வழக்குச் செலவுகளை விண்ணப்பதாரரே ஏற்க வேண்டும்.