ஊதுங்க பாஸ், ஊதுங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் போற பார்ட்டியா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான்.

நம்ம ரோட்டில் பைக் ஓட்டினால், 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் கேஸ். அதாவது 0.03 சதவீதம். அமெரிக்க அணுமின் நிலையங்களில் 0.04 தொட்டால்தான் ஃபெயில். ‘அட, சலுகையா?’ன்னு குஷியாகாதீங்க! டூட்டிக்கு வந்து ஒரு மணி நேரமாகியிருந்தால் 0.03, ரெண்டு மணி நேரமானால் 0.02 இருந்தாலே அவுட். நேரமாக ஆக ரத்தத்தில் அளவு இறங்கும் இல்லையா? வரும்போது எவ்வளவு ஏத்திக்கிட்டு வந்தீங்கன்னு பின்னோக்கிக் கணக்குப் போடுறாங்க, கில்லாடிங்க! வேலைக்கு 5 மணி நேரம் முன்பிருந்தே சரக்குக்குத் தடை வேற. யாரை எப்போ கூப்பிடுவாங்கன்னும் தெரியாது.

உருக்காலை கிரேனுக்குக் கீழே நிற்கிறது உங்க ரூம்மேட்டாகவும் இருக்கலாம். பிளாக் காபி, எலுமிச்சை ஜூஸ்... ஊஹூம், கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை பார்க்கும்.