காட்டு மனிதனும் நாமும்

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர், பூன் லேயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளை மண்டாய் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ஓர் ஓராங் ஊத்தான் கயிற்றைப் பற்றியபடி எங்களையே பார்த்தது. "பெரியப்பா, நம்மைப் போலவே நகம்!" என்று கூவினாள் தம்பி மகள்.

நகம் மட்டுமா? விரல் நுனியில் ரேகை உண்டு, பற்கள் 32, வால் கிடையாது. மலாய் மொழியில் அதன் பெயருக்கே 'காட்டு மனிதன்' என்றுதானே பொருள்! 2011ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் அதன் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்து, ஏறக்குறைய 97 சதவீதம் நம்முடையதோடு ஒத்திருப்பதாக வெளியிட்டார்கள். சிம்பன்சி இன்னும் நெருக்கம். 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான்' என்று நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தவறு. ஒரே பாட்டன் வழிவந்த பங்காளிகள் என்பதே சரி.

இங்கே புகழ்பெற்று விளங்கிய ஆ மெங் சுமத்ராவில் பிறந்தது. ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு, 1971இல் மீட்கப்பட்டது. 2008இல் அது இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினார்கள்.

"இதுங்களோட காடு எங்கே பெரியப்பா?" என்றாள் சிறுமி.

சுமத்ராவிலும் போர்னியோவிலும். அதில் கணிசமான பகுதியை வெட்டிச் செம்பனை நட்டாகிவிட்டது. தாய் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். அத்தனை காலமும் அதைக் கூடவே வைத்து வளர்க்கும். அழிந்த கூட்டம் சீக்கிரத்தில் பெருகாது. நம் தோட்டத்து அடுப்பு எரிவதும் செம்பனையால்தான். அதையும் அவளிடம் நான் மறைக்கவில்லை.