அடுத்த வருஷக் கணக்கில் எழுதிக்கொள்

மார்ச் பிறந்துவிட்டால் கலிஃபோர்னியாவின் டப்ளினில் அமெரிக்க ஃபுட்பால் பேச்சு மைதானத்தை விட்டுக் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடும். என்எஃப்எல்லின் புதிய ஆண்டு அந்த மாதத்தில்தான் தொடங்குகிறது. அதற்குள் ஒவ்வொரு அணியும் தன் சம்பளப் பட்டியலை உச்சவரம்புக்குள் அடக்கியாக வேண்டும். ‘சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் இன்னாருடைய ஒப்பந்தத்தை மாற்றியமைத்தது, ஒன்றரைக் கோடி டாலர் மிச்சம்’ என்று ஒரு செய்தி வரும். உடனே நம்மவர்கள் வாட்ஸ்அப்பில், ‘அணிக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார், பெரிய மனசு’ என்று பாராட்ட ஆரம்பிப்பார்கள். உண்மையில் அவர் ஒரு டாலர்கூட விட்டுக்கொடுக்கவில்லை. சீசன் முழுக்க வாராவாரம் வரவேண்டிய சம்பளம் அவருக்கு முன்கூட்டியே மொத்தமாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். ஏழு சீசனுக்கு மேல் ஆடிய ஒருவருக்கு 2025இல் 2 கோடி டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்த வருடம் லீக் விதித்திருந்த குறைந்தபட்சச் சம்பளம் 12.55 லட்சம் டாலர். அணி அதை மட்டும் சம்பளமாக வைத்துக்கொண்டு, மீதி 1.87 கோடியைச் சைனிங் போனஸ் என்று பெயர் மாற்றிக் கொடுத்துவிடும். பணம் இப்போதே அவர் கைக்குப் போனாலும், அணியின் உச்சவரம்புக் கணக்கில் சைனிங் போனஸை ஐந்து வருடம் வரை சமமாகப் பிரித்து எழுதலாம். ஆக இந்த வருடத்துக்குச் சுமார் 37.5 லட்சம் போனஸ், 12.55 லட்சம் சம்பளம், மொத்தம் 50 லட்சம். 2 கோடி இருந்த இடத்தில் அரைக் கோடி! மிச்சமான ஒன்றரைக் கோடியில் இன்னொரு நல்ல ஆட்டக்காரரைப் பிடிக்கலாம். ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் பாக்கி இல்லையா? அவர் ஆடப்போகாத வருடங்களையும் பெயருக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ‘வாய்ட் இயர்ஸ்’ என்பது அதைத்தான்.

அந்த ஒன்றரைக் கோடி எங்கும் போய்விடவில்லை, அடுத்த நான்கு வருடங்களின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் அவரை நீக்கினாலோ வேறு அணிக்கு மாற்றினாலோ, பிரித்து வைத்ததெல்லாம் பொதுவாக ஒரே வருடக் கணக்கில் வந்து விழும். அணியில் இல்லாதவருக்காக எழுதப்படும் அந்தத் தொகைக்கு ‘டெட் மணி’ என்று பெயர். மென்பொருள் கம்பெனியில் சைனிங் போனஸ் வாங்கியவர்கள் ஊரில் நிறைய உண்டு. ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். என்எஃப்எல்லிலோ அணியே ஆட்டக்காரரை வெளியே அனுப்பினால் பணம் அவருடையது, பாரம் அணியுடையது.

ஐபிஎல்லில் இந்த வித்தைக்கு இடமே இல்லை. 2025 ஏலத்துக்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். அந்த சீசனின் சம்பளம் அந்த சீசனின் பையிலிருந்தே போகும். சென்னை அணி தோனியை 4 கோடிக்குத் தக்கவைக்க முடிந்தது என்றால், ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாதவரை ‘அன்கேப்ட்’ என்று கொள்ளலாம் என விதியே இடம் கொடுத்ததால்தான். நாளைய பையில் கை விட அங்கே வழி கிடையாது.

உச்சவரம்பு நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு லட்சம் பேர் வசிக்கும் கிரீன் பே நியூயார்க்கோடு சரிசமமாக மோத முடிகிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். 1994இல் வந்தபோது ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. கிட்டத்தட்ட வருடா வருடம் ஏறுகிறது என்பதால்தான் அணிகள் துணிந்து தள்ளிப்போடுகின்றன. இன்றைய ஒன்றரைக் கோடி நாலு வருடம் கழித்துச் சின்னதாகத் தெரியும் என்பது கணக்கு. 2021இல் அந்தக் கணக்கு தப்பியது. கொரோனாவால் மைதானங்கள் காலியாகக் கிடந்ததில், 19.82 கோடியாக இருந்த வரம்பு 18.25 கோடிக்கு இறங்கியது. ஏற்கெனவே தள்ளிப்போட்டவர்கள் மேலும் தள்ளிப்போட்டுத்தான் தப்பினார்கள்.

இந்தப் பாடத்தை முதலில் படித்தது நம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிதான். உச்சவரம்பின் முதல் வருடமான 1994இல், ஃபார்ட்டிநைனர்ஸின் தலைவர் கார்மென் பாலிசி பழைய ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை மாற்றியமைத்து இடம் பிடித்தார். டியோன் சாண்டர்ஸ், கென் நார்ட்டன், ரிக்கி ஜாக்சன் என்று நட்சத்திரங்கள் வந்து சேர்ந்தார்கள். 1995 ஜனவரியில் சான் டியேகோவை 49-26 என்று நொறுக்கி சூப்பர் போல் கோப்பையைத் தூக்கினார்கள். தள்ளிப்போட்டது வருடா வருடம் சேர்ந்துகொண்டே போனது. 1983 முதல் 1998 வரை ஒவ்வொரு சீசனிலும் பத்து ஆட்டமாவது வென்ற அணி, 1999இல் நான்கே நான்கு வென்றது. குவார்ட்டர்பேக் ஸ்டீவ் யங் தலையில் அடிபட்டு வெளியேறினார். 2000 டிசம்பரில், உச்சவரம்பு விதிகளை மீறியதற்காக, அதற்குள் கிளீவ்லாந்துக்குப் போயிருந்த பாலிசிக்கு 4 லட்சம் டாலரும், அவரோடு அணி நிர்வாகத்தில் இருந்த டுவைட் கிளார்க்குக்கு 2 லட்சம் டாலரும் லீக் அபராதம் விதித்தது. அணியும் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகளை இழந்தது.

கடனை அடைக்க பொது மேலாளர் பில் வால்ஷ் பட்டியலை வெட்டினார். அந்த வெட்டில் 2001இல் ஜெர்ரி ரைஸே போனார். பதினாறு சீசன் சிவப்புச் சட்டை போட்டவர், 38 வயதில் வளைகுடாவைத் தாண்டி ஓக்லாந்து ரெய்டர்ஸுக்குப் போய், அடுத்த சீசனில் அவர்களோடு சூப்பர் போல் வரை போனார். டப்ளினும் ஓக்லாந்தும் ஒரே அலமீடா கவுண்டி. 2020இல் ரெய்டர்ஸ் லாஸ் வேகாஸுக்குக் கிளம்பும் வரை இது அவர்கள் ஊர். வேறு இடத்தில் எழுதிய கணக்கு நம் வாசலில் ஒரு மகத்தான ஆட்டக்காரரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அதே 2001இல்தான் பராக் மராத்தே ஃபார்ட்டிநைனர்ஸில் சேர்ந்தார். இந்தியப் பெற்றோரின் பிள்ளை. சராட்டோகாவில் வளர்ந்து, பெர்க்லியிலும் ஸ்டான்ஃபோர்டிலும் படித்தவர். பின்னாளில் லீட்ஸ் யுனைடெட்டின் தலைவர், அமெரிக்கக் கிரிக்கெட் அமைப்பின் தலைவர் என்றெல்லாம் அறியப்பட்டாலும், பல வருடம் அணியின் ஒப்பந்தப் பேச்சுகளை நடத்தியவர் அவர். அணி கடனில் மூழ்கி எழுந்த சமயத்தில் வந்தவர் என்பதால், அவர் எழுதிய ஒப்பந்தங்களில் உத்தரவாதத் தொகையைப் பொத்திப் பொத்திக் கொடுத்த கை தெரியும். 2014இல் காலின் கேப்பர்னிக்குக் கொடுத்தது தலைப்புச் செய்தியில் 12.6 கோடி டாலர். முழு உத்தரவாதம் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

அப்படிப்பட்ட அணியே பின்னர் மனம் விட்டுச் செலவழித்ததற்குக் காரணம் பிராக் பர்டி. 2022 டிராஃப்டில் 262ஆவது ஆளாக, கடைசியாக எடுக்கப்பட்டவர். வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர்கூட வாங்காத குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு சுற்றிலும் விலையுயர்ந்தவர்களை நிறுத்த முடிந்தது. 2024 பிப்ரவரியில் சூப்பர் போல் இறுதியாட்டம்; கூடுதல் நேரத்தில் கான்சாஸ் சிட்டியிடம் 25-22 என்று தோல்வி. அடுத்த சீசனில் காயங்கள், ஆறே வெற்றி. 2025இல் பர்டிக்கு ஐந்து வருடம், 26.5 கோடி டாலர். போனஸைப் பரப்பி எழுதியதில் முதல் வருடக் கணக்கில் அவருக்கு விழுந்தது ஒரு கோடிக்கும் கீழே.

ஆனால் அந்த மார்ச்சில் பழைய பாக்கியும் வாசலில் நின்றது. டீபோ சாமுவேலை வாஷிங்டனுக்கு அனுப்பியதில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் டெட் மணி. தலாநோவா ஹுஃபாங்காவும் டிரே கிரீன்லாவும் டென்வருக்குப் போனார்கள். சார்வேரியஸ் வார்டு இண்டியானாபொலிஸுக்கு, ஏரன் பேங்க்ஸ் கிரீன் பேக்கு. ஒப்பந்தத்தை மாற்றியமைப்பது நட்சத்திரத்தைப் பாதிப்பதே இல்லை. அவர் பணம் பத்திரம். சொல்லப்போனால் அவரை நீக்குவது இன்னும் கஷ்டமாகிறது. விலை கொடுப்பது அவருக்குக் கீழே இருக்கும் இரண்டாம் வரிசைக்காரர்கள்: நன்றாக ஆடி, நல்ல சம்பளம் கேட்கும் வயதுக்கு வந்து, அப்போது பையில் இடமில்லை என்று கேட்பவர்கள்.

விட்டுக்கொடுத்தவரைப் பாராட்ட வேண்டுமென்றால் கைல் யூஸ்செக்கைப் பாராட்டுங்கள். பெரும்பாலான அணிகள் மறந்துபோன ஃபுல்பேக் இடத்தில், பந்தைத் தொடாமல் மற்றவர்களுக்கு வழி திறந்துவிடும் வேலையைச் செய்கிறவர். 2024இல் அவர் சம்பளம் நிஜமாகவே குறைக்கப்பட்டது, ஒப்புக்கொண்டார். அதற்கடுத்த மார்ச்சில் அணி அவரை விடுவித்துவிட்டு, சில நாளிலேயே புதிய இரண்டு வருட ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்துக்கொண்டது.