கைப்பையில் கிடைத்த பிள்ளை: ஓர் ஆங்கில இன்பியல் நாடகமும் அதன் மறுபிறவிகளும்

1895ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 14ஆம் திகதி இரவு இலண்டனில் கடும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சென் ஜேம்ஸ் அரங்கின் வாசலில் பொலிசார் காவல் நின்றனர். உள்ளே அரங்கேறவிருந்தது ஒரு நகைச்சுவை நாடகம். காவலுக்குக் காரணம் ஒரு பிரபு. குவீன்ஸ்பெரி கோமகனான அவர், தமது மகனுடன் நாடகாசிரியர் கொண்டிருந்த உறவினாற் சினங்கொண்டு, அழுகிய காய்கறிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து மேடையைக் குழப்பத் திட்டமிட்டிருந்தார். அவர் உள்ளே விடப்படவில்லை. நாடகம் தடையின்றி நடந்தது; சபை சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. ஏறத்தாழ ஏழு வாரங்களின் பின் நாடகாசிரியர் கைதானார்.

அவர் பெயர் ஒஸ்கார் வைல்ட். நாடகத்தின் பெயர் 'தி இம்போர்ட்டன்ஸ் ஒஃப் பீயிங் ஏர்னெஸ்ட்'. ஆங்கிலத்தில் 'ஏர்னெஸ்ட்' என்பது ஓர் ஆணின் பெயர். அதே ஒலியில் வரும் சொல்லொன்றுக்கு மெய்யார்வம், உள்ளத்தால் பொய்யாமை என்று பொருள். ஏர்னெஸ்டாக இருப்பதன் முக்கியத்துவம் என்றும், மெய்யனாக இருப்பதன் முக்கியத்துவம் என்றும் தலைப்பை இருவிதமாகக் கொள்ளலாம். நாடகத்தில் வரும் ஆண்கள் இருவருமே வடிகட்டிய பொய்யர்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆங்கில இலக்கிய வரலாற்றில் இத்தகைய ஆக்கங்களை ஒழுகலாற்று இன்பியல் நாடகங்கள் என்பர். மேற்குடியினர் பேசும் விதம், உடுக்கும் விதம், விருந்துண்ணும் விதம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் விதம் ஆகியவற்றை மேடையில் நிறுத்தி நகைப்பதே இவற்றின் தொழில். கொன்கிறீவ் 1700இல் எழுதியதும், ஷெரிடன் 1777இல் எழுதிய 'த ஸ்கூல் ஃபோர் ஸ்கண்டல்' என்பதும் இவ்வகையிற் புகழ்பெற்றவை. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெரிடன் டப்ளினிற் பிறந்தவர். கோல்ட்ஸ்மித் அயர்லாந்துக்காரர். கொன்கிறீவ் இங்கிலாந்திற் பிறந்தாராயினும் அயர்லாந்திற் கல்வி கற்றவர். வைல்ட் 1854இல் டப்ளினிற் பிறந்தவர். அவரைத் தொடர்ந்து வந்த பெர்னாட் ஷாவும் அந்நகரத்தவரே. ஆங்கிலேயரின் நடையுடை பாவனைகளை இத்துணை நுணுக்கமாகக் கண்டு எழுதியவர்களிற் பலர் கடல் கடந்து வந்தவர்கள் என்பது தற்செயலன்று என்றே நாம் கருதுகின்றோம். ஒரு வீட்டுக்குள் பிறந்தவனுக்கு அவ்வீட்டின் வழக்கங்கள் கண்ணிற் படுவதில்லை. வந்தேறியவனுக்கோ கதிரையில் எப்படி உட்காருவது என்பதே ஒரு பாடம்.

கதை சிறியது. நாட்டுப்புறத்தில் கண்ணியமான பாதுகாவலராக வாழும் ஜாக் என்பவர், தமக்கு ஏர்னெஸ்ட் என்றொரு தறுதலைத் தம்பி இலண்டனில் இருப்பதாகக் கதை கட்டி, அவனைத் திருத்தப் போவதாகச் சொல்லி அடிக்கடி நகரத்துக்கு வருகின்றார்; நகரத்தில் தாமே ஏர்னெஸ்ட் ஆகிவிடுகின்றார். அவர் நண்பர் அல்ஜெர்னன் நேர்மாறு. விருந்துகளுக்குத் தப்புவதற்காக நாட்டுப்புறத்தில் பன்பரி என்றொரு தீராத நோயாளியைச் சிருஷ்டித்து வைத்திருக்கின்றார். குவெண்டொலின், செசிலி என்னும் இரு பெண்களும் ஏர்னெஸ்ட் என்ற பெயருடையவனையே மணப்பது என்று பிடிவாதமாய் நிற்கின்றனர். ஆளை அல்ல, பெயரையே அவர்கள் காதலிக்கின்றார்கள். ஆண்கள் இருவரும் தனித்தனியே பாதிரியாரிடம் ஓடித் தமக்கு மறுபடியும் ஞானஸ்நானம் தந்து பெயரை மாற்றும்படி கேட்கின்றனர்.

நாடகத்தின் உயிர்நாடி முதலாம் அங்கத்தில் வரும் நேர்முக விசாரணை. குவெண்டொலினின் தாயார் லேடி பிராக்னெல், குறிப்புப் புத்தகமும் பென்சிலும் கையிற்கொண்டு ஜாக்கை விசாரிக்கின்றார். வயது என்ன, வருமானம் எவ்வளவு, அது நிலத்திலிருந்து வருகின்றதா முதலீட்டிலிருந்து வருகின்றதா, இலண்டன் வீடு எந்தத் தெருவில், எத்தனையாம் இலக்கம், அரசியற் சார்பு என்ன என்று கேள்விகள் தொடுக்கப்படுகின்றன. புகை பிடிக்கும் பழக்கம்கூட ஒரு தொழிலாகப் பதியப்பட்டு ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. எல்லாம் நல்லபடியே போய்க்கொண்டிருக்கையில், பெற்றோர் யார் என்ற கேள்வி வருகின்றது. ஜாக்கிடம் விடையில்லை. விக்டோரியா றெயில் நிலையத்தின் பொருட்காப்பறையில், கறுப்புத் தோற் கைப்பையொன்றினுள் அவர் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டவர். கண்டெடுத்த கனவானின் சட்டைப்பையில் அவ்வேளை வேதிங் என்ற கடற்கரைப் பட்டினத்துக்கான ரிக்கற் இருந்தமையால், குழந்தைக்கு வேதிங் என்பதே குடும்பப் பெயராயிற்று. லேடி பிராக்னெல் புத்தகத்தை மூடிவிடுகின்றார். பருவகாலம் முடிவதற்குள் ஒரு பெற்றோரையாவது எங்கேனும் தேடிக்கொள்ளுமாறு அறிவுரை வேறு.

இக்காட்சியை ஆங்கிலேயர் நூறாண்டுக்கும் மேலாகச் சிரித்துப் பார்த்து வருகின்றனர். புகலிடம் கோரி விண்ணப்பித்து, மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஓர் அதிகாரியின் முன் பிறந்த திகதி, தாய் தந்தை பெயர், வந்த வழி ஆகியவற்றை ஒப்புவித்தவர்கள் இதனைப் பார்க்கும்போது சிரிப்பு வரத்தான் செய்யும். சற்றுத் தாமதித்து வரும். எந்தக் கேள்வி ஆளைக் கவிழ்க்கும் என்பது விசாரிக்கப்படுபவனுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. உண்மையைச் சொன்ன இடத்திற்றான் ஜாக் தோற்கின்றார் என்பதையும் கவனிக்க. தன் பெயர் ஏர்னெஸ்ட் என்று அவர் சொல்லித் திரிந்த பொய்யை யாரும் கேள்வி கேட்கவில்லை.

மூன்றாம் அங்கத்தில் இன்னொரு விசாரணை. இம்முறை செசிலியின் தகுதி ஆராயப்படுகின்றது. ஜாக் பத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்குகின்றார்: பிறப்பு, ஞானஸ்நானம், அம்மைப்பால் குத்தியது, குக்கல், சின்னமுத்து என எல்லாவற்றுக்கும் சான்றிதழ் உண்டு. லேடி பிராக்னெல் எதிலும் பெரிதாக அசைவதாயில்லை. பெண்ணின் பெயரில் 1,30,000 பவுண் அரச கடன் பத்திரங்களில் இருக்கின்றது என்றவுடன் அம்மையார் மறுபடி அமர்ந்து, பெண்ணின் முகவெட்டில் அழகு காண ஆரம்பிக்கின்றார். இறுதியில் ஜாக்கின் பிறப்பும் துலங்குகின்றது. மிஸ் பிரிசம் என்ற வளர்ப்பாசிரியை, தாம் எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதியைக் குழந்தை வண்டியிலும், குழந்தையைக் கைப்பையிலும் மாறி வைத்துவிட்டார். இராணுவ அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தபோது தகப்பனார் பெயரும் கிடைக்கின்றது. ஜாக் உண்மையிலேயே ஏர்னெஸ்ட்! இத்தனை நாளும் அறியாமல் உண்மை பேசிவிட்டேனே என்று அவர் வருந்துகின்றார்.

இந்நாடகத்தை உள்ளீடற்ற வெறும் பகிடி என்று சொன்னவர் உண்டு. பெர்னாட் ஷாவே இதில் இதயமில்லை என்று எழுதினார். நாம் உடன்படவில்லை. பெயர்களை வைத்து இவ்வாறு விளையாடிய மனிதரின் பெயருக்கு அடுத்து நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். 1895 ஏப்பிரல் 5ஆம் திகதி அவர் கைதான பின், அவரது இரு நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்த அரங்குகளிலும் விளம்பரங்களிலிருந்து அவர் பெயர் அகற்றப்பட்டது. நாடகம் இருந்தது, சிரிப்பு இருந்தது, எழுதியவன் இல்லை. அடுத்த மாதமே அதுவும் நின்றுபோயிற்று. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தின் கீழ் மே 25இல் அவருக்கு இரண்டாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. மனைவி கொன்ஸ்ரன்ஸ் இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறினார். வைல்ட் என்ற பெயரைக் கண்ட சுவிற்சர்லாந்து விடுதியொன்று அவர்களை வெளியேறச் சொன்னதன் பின்னர், குடும்பம் 'ஹொலண்ட்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. சிறார்கள் தங்கள் பழைய பெயரை மறக்கப் பழக்கப்பட்டனர். தகப்பனை அவர்கள் மறுபடி காணவேயில்லை.

1897இல் விடுதலையான வைல்ட் அன்றிரவே கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்றார். அங்கு அவர் பெயர் செபஸ்டியன் மெல்மொத். மெல்மொத் என்பது ஒரு பழைய நாவலில் ஓயாது அலைந்து திரியும் பாத்திரத்தின் பெயர். 1899இல் நாடகம் நூலாக வெளிவந்தபோதும் ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. 'லேடி விண்டமியர்ஸ் ஃபான்' நாடகத்தின் ஆசிரியர் என்று மாத்திரம் குறிக்கப்பட்டது. மறு ஆண்டு நவம்பர் 30இல் பாரிஸ் விடுதியொன்றில் அவர் காலமானார். அவர் சிறையிலிருந்தபோது இரத்துச் செய்யப்பட்ட நூலக வாசகர் அட்டையை, 130 ஆண்டுகளின் பின், 2025இல் பிரித்தானிய நூலகம் புதுப்பித்து அவரது பேரனிடம் கையளித்தது. பேரனின் குடும்பப் பெயர் இன்றும் ஹொலண்ட்.

நாடகம் முதலில் நான்கு அங்கங்களாகவே எழுதப்பட்டது. நடிகரும் அரங்க முகாமையாளருமான ஜோர்ஜ் அலெக்சாண்டரின் வற்புறுத்தலால் மூன்றாகச் சுருங்கியது. வெட்டுண்ட காட்சியொன்றில், சவோய் ஹொட்டேலில் உண்ட கடன் 762 பவுணுக்காக அல்ஜெர்னனை ஹொலவே சிறைக்குக் கொண்டு செல்ல ஒருவர் வருகின்றார். அதே ஹொலவே சிறையிற்றான், ஓராண்டு கழியுமுன், வழக்கு விசாரணைக்காக வைல்ட் அடைக்கப்பட்டார். 2002இல் ஒலிவர் பார்க்கர் எடுத்த திரைப்படம் கடன்காரர் துரத்தும் பகுதியை மீளச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அப்படத்தில் சூடான காற்று நிரப்பிய பலூன் முதலான அலங்காரங்கள் மிகுந்து, உரையாடல் மூச்சுத் திணறுகின்றது என்பதே எமது அபிப்பிராயம். 1952இல் அந்தனி அஸ்குவித் எடுத்த படமே இன்றும் முதலிற் பார்க்கத் தக்கது. இவருடைய தந்தையார், வைல்ட் மீது வழக்குத் தொடரப்பட்டபோது உள்நாட்டு அமைச்சராக இருந்தவர். அப்படத்தில் லேடி பிராக்னெல்லாக வரும் இடித் எவன்ஸ், கைப்பை என்ற ஒரு சொல்லை ஏற்றி இறக்கி நீட்டிய விதம், பின்வந்த நடிகையர் அனைவருக்கும் பெருஞ்சுமையாகி விட்டது. சிலர் அச்சொல்லை முணுமுணுத்துத் தப்பிக்கொண்டனர்.

தழுவல்களில் எமக்கு மிகவும் பிடித்தது திரைப்படமன்று. சூரிச் நகரத்துக் கதை. முதலாம் உலகப் போர்க்காலத்தில், பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தமையால் திரியெஸ்ட் நகரை விட்டு வெளியேற நேர்ந்த ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜொய்ஸ், குடும்பத்துடன் சூரிச்சில் தங்கியிருந்தார். அங்கு தோன்றிய ஆங்கில நாடகக் குழுவொன்றுக்கு அவரே கணக்கு வழக்குப் பார்த்தார். 1918 ஏப்பிரலில் அக்குழு மேடையேற்றியது இதே ஏர்னெஸ்ட் நாடகந்தான். அல்ஜெர்னனாக நடித்தவர் ஹென்றி கார் என்னும் துணைத்தூதரக ஊழியர். தாம் வேடத்துக்காக வாங்கிய காற்சட்டையின் செலவைத் தரவேண்டும் என்று அவர் கேட்க, விற்ற ரிக்கற்றின் பணத்தைத் தா என்று ஜொய்ஸ் கேட்க, விவகாரம் நீதிமன்றம் சென்றது. ஒரு வழக்கில் ஜொய்ஸ் வென்றார், மற்றதில் தோற்றார். பின்னர் தமது 'யுலிசிஸ்' நாவலில் கார் என்ற பெயரில் வாய்த்துடுக்கான ஒரு சிப்பாயை வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். அகதி நகரங்களில் நாடகம் போட்டவர்களுக்கு இச்சண்டை புதிதாகத் தோன்றாது.

இச்சம்பவத்தை எடுத்து டொம் ஸ்டொப்பாட் 1974இல் 'ட்ரவெஸ்டீஸ்' என்ற நாடகத்தை எழுதினார். அப்போர்க்காலத்தில் சூரிச்சில் இருந்த ஜொய்ஸ், லெனின், ருமேனியக் கவிஞர் டிரிஸ்டன் ட்சாரா ஆகிய மூவரையும், கிழவராகிவிட்ட காரின் தடுமாறும் நினைவுகளுக்குள் ஒன்று சேர்த்து, வைல்டின் கதையமைப்பிலேயே அவர்களை நடமாட விடுகின்றார். ட்சாரா என்பதும் புனைபெயர், லெனின் என்பதும் புனைபெயர். ஸ்டொப்பாட்டின் கதை இன்னும் சுவையானது. செக்கோஸ்லவாக்கியாவில் தொமாஸ் ஸ்ட்ரொய்ஸ்லராக 1937இற் பிறந்து, நாசிகளுக்குத் தப்பிக் குழந்தையாகச் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து இந்தியாவில் டார்ஜிலிங்கில் வளர்ந்து, தந்தையை இழந்து, தாயாரின் மறுமணத்தால் ஆங்கிலப் பெயர் பெற்று 1946இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர் அவர். றெயில் நிலையத்தில் பெயர் பெற்ற ஜாக்கின் கதையை அவர் தொட்டதில் வியப்பில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்நாடகத்தின் தலைப்பே முதற் சோதனை. ஜேர்மனியருக்கு வேலை எளிது: 'ஏர்ன்ஸ்ட்' என்பது அவர்களிடமும் ஆணின் பெயர், பொருளும் அதுவே. ஆனாலும் அங்கு நாடகம் பெரும்பாலும் 'பன்பரி' என்ற பெயரிலேயே ஆடப்படுகின்றது. பிரெஞ்சுக்காரர் 'கொன்ஸ்ரன்' என்ற பெயரைப் பிடித்தனர். மாறாதவன் என்று பொருள். வைல்டின் மனைவியின் பெயர் கொன்ஸ்ரன்ஸ் என்பதை எண்ணுகையில் நெஞ்சில் ஏதோ உறுத்துகின்றது.

அண்மையில் பேசப்பட்ட அளிக்கை 2024இல் இலண்டன் தேசிய அரங்கில் மக்ஸ் வெப்ஸ்டர் நெறிப்படுத்தியது. யமேக்காப் பெற்றோரின் மகளான ஷரன் டி கிளார்க் லேடி பிராக்னெல்லாகவும், நூட்டி கட்வா அல்ஜெர்னனாகவும் நடித்தனர். கட்வா ருவாண்டாவிற் பிறந்து, 1994 இனப்படுகொலையின்போது குடும்பத்துடன் தப்பிப் பிள்ளைப் பருவத்தில் ஸ்கொட்லாந்து வந்தவர். வைல்டின் மேற்குடிச் சோம்பேறியாக அவர் மேடையில் வெள்ளரிக்காய் சான்ட்விச்சை விழுங்கியபோது சபை ஆரவாரித்தது.

இதனைத் தமிழில் ஆடலாமா? தலைப்புக்குத் தடையில்லை. மெய்யழகன் என்ற பெயர் எம்மிடம் உண்டு. 'மெய்' உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். ஆங்கிலத்தைவிட ஒரு பொருள் கூடுதலாகவே கிடைக்கின்றது. லேடி பிராக்னெல்லை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமேயில்லை. கலியாணப் பேச்சு நடக்கும் எந்த வீட்டிலும், பாரிசிலும் சரி, ரொறன்ரோவிலும் சரி, அவர் ஏற்கெனவே கதிரை போட்டு அமர்ந்திருக்கின்றார். எமக்குத் தட்டுப்படும் சங்கடம் ஒன்றே. மாமியாருக்கென்று செய்து வைத்த வெள்ளரிக்காய் சான்ட்விச்சை அல்ஜெர்னன் பேச்சோடு பேச்சாகத் தின்று முடித்துவிட வேண்டும். அதனிடத்தில் பயற்றம் பணியாரத்தை வைத்தால், அதை வாயில் வைத்துக்கொண்டு இவ்வளவு வசனத்தையும் எந்த நடிகர் பேசுவார்?