மரத்தைப் பார்த்தால் நோய் ஆறுமா?

எங்கள் திருப்பருத்திக்குன்றம் ஜைனர் கோயிலில் பழைய குரா மரம் ஒன்று உண்டு. அங்கே போனால் பத்து நிமிஷம் சும்மா உட்காருவேன். சும்மாவா? பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை ஆராய்ந்து அமெரிக்கரான ரோஜர் உல்ரிச் 1984-இல் எழுதினார்: ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

குழித்தறியில் ஜரிகையையே பார்த்துப் பார்த்து என் அப்பாவுக்குச் சாயங்காலம் கண் எரியும். கிட்டப் பார்வையில் கண்ணின் உள்தசை இறுகும். தூரத்து மரத்தைப் பார்த்தால் தளரும். டிராயிங் போர்டே கதி என்று கிடக்கிற நமக்கும் அதேதான்.

ஒர்க்ஷாப் பின்னாலிருக்கும் வேம்பை, பைக் ஷெட்டுக்காக வெட்டப் போவதாகப் பேச்சு. ஷெட்டை நாலடி தள்ளிப் போட்டா ஆகாதா சார்?