வீசும் தட்டு நம் பெண்களிடமும் வரட்டும்

ஆரணியில் பட்டு நெய்யும் வீடுகளுக்குச் சென்றவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். ஆண் தறியில் அமர்ந்து நெய்வார். ஊடை நூலைத் தாரில் சுற்றித் தருபவர்கள் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்களே. தார் வராவிட்டால் தறி நின்றுவிடும். ஆயினும், "சேலையை நெய்தவர் யார்?" என்று கேட்டால் ஆணின் பெயரே சொல்லப்படும். உடனிருந்து உழைப்பது வேறு. பங்காளியாக மதிக்கப்படுவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தும் விளையாட்டொன்று இன்று மாணவ மாணவியரிடையே பரவி வருகிறது. 'அல்டிமேட் ஃபிரிஸ்பீ' என்பது அதன் பெயர். வெளியூர்க் கல்லூரிகளுக்குச் செல்லும் நம் பெண்மக்களும் இதில் சேர அழைக்கப்படலாம். ஆகவே, பெற்றோர் இதனை அறிந்துகொள்வது நல்லது.

நடுவர் இல்லாத ஆட்டம்

1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேப்பிள்வுட் நகரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய விளையாட்டு இது. 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டே இதன் கருவி. அணிக்கு ஏழு பேர். தட்டைப் பிடித்தவர் அதனுடன் ஓடக்கூடாது. நின்ற இடத்திலிருந்தே 10 வினாடிக்குள் தம் அணியினர் ஒருவருக்கு வீசவேண்டும். எதிர்முனைப் பகுதிக்குள் அதனைப் பிடித்தால் ஒரு புள்ளி.

உடலோடு உடல் மோதுவது இதில் தவறு. இரு பாலாரும் ஆடும் போட்டியில் பெண்ணுக்கு எதிராகப் பெண்ணே நின்று தடுப்பது வழக்கம். இன்னொரு சிறப்பு, உலகப் போட்டிகளில்கூட ஆட்டக்காரர்களே தவற்றை எடுத்துரைத்து, தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். யாரும் கண்காணிக்காத இடத்திலும் உண்மையே பேசவேண்டும் என்று நாம் மதரஸாவில் கற்பிக்கும் பாடத்திற்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டுமா?

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் இவ்வாட்டம் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. மீனவர் குப்பத்து இளைஞர்களைக் கொண்டு உருவான 'ஃபிளைவைல்ட்' என்னும் அணி அங்கு பெயர் பெற்றது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த 24 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில், ஆண்களும் பெண்களும் இணைந்த இந்திய அணி கலந்துகொண்டது.

இடம் மட்டும் போதுமா?

கலப்பு அணியில் எழுவருள் ஒரு பாலார் நால்வர், மற்றவர் மூவர் இருக்கவேண்டும். ஆகவே, பெண்கள் இல்லாமல் அணியே இல்லை. ஆனால் விதி இடத்தைத்தான் தரும், தட்டைத் தராது. ஆண்கள் தங்களுக்குள்ளேயே வீசிக்கொண்டால், அந்தப் பெண் ஆட்டம் முழுவதும் ஓடியும் ஒருமுறைகூடத் தட்டைத் தொடாமல் வீடு திரும்புவாள். "எனக்கு இது வராது" என்று நாளடைவில் ஒதுங்கியும் விடுவாள். அது அவளுடைய திறமைக் குறைவா? அல்லவே! பழகும் வாய்ப்பே அவளுக்குக் கிடைக்கவில்லை.

தட்டை நழுவவிடுவாளே என்று அஞ்சுகிறார்கள். ஆண்கள் நழுவவிடுவதில்லையா? ஒருமுறை நழுவவிட்டவளுக்கு மறுமுறையும் வீசுவதே அவளைத் தேற்றும் வழி. பயிற்சியில் ஓடவும் பிடிக்கவும் மட்டுமன்றி, தொலைவுக்கு வீசவும் ஆட்டத்தை நடத்தவும் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும். புதிதாக வரும் பெண் தனித்து நிற்காமல், தோழியர் இருவர் மூவருடன் சேர்ந்து வரும்படி அழைக்கவேண்டும். தலைமைப் பொறுப்பிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும்.

மார்க்கமும் பேணுதலும்

ஓடியாடுவது பெண்ணுக்கு ஆகாது என்போர், அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சியை நினைவுகூரட்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பிற்காலத்தில் பெருமானார் முந்தி, அதற்கு இது ஈடாயிற்று என்றார்கள். எத்துணை இனிய இல்லறம்!

அந்நிய ஆடவருடன் ஆடுவதில் பேணுதல் வேண்டும் என்னும் கவலை நியாயமானதே. அதற்கு வழிகள் உண்டு. உடலை மறைக்கும் தளர்ந்த ஆடையும் தலைமுக்காடும் அணிந்து ஆடலாம். தலையை மறைத்து ஆட உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2014-இலும், கூடைப்பந்துச் சம்மேளனம் 2017-இலும் அனுமதி அளித்தன. தொழுகை நேரத்தையும் வீடு திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளலாம். பெண் பயிற்சியாளரோ பெற்றோரோ உடனிருக்கலாம். அதற்கும் மனம் ஒப்பாதவர்களுக்கு மகளிர் மட்டுமே ஆடும் அணிகளும் உண்டு.

ஆகவே, மகள் வந்து கேட்டால், அத்தாமார்களே, உடனே மறுத்துவிடாதீர்கள். ஒருநாள் மைதானத்திற்குச் சென்று பாருங்கள், பயிற்றுநரிடம் பேசுங்கள். தாய்மார்களே, வீட்டு வேலைகளை அண்ணன் தம்பியரும் பகிர்ந்துகொண்டால், அவளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். கல்லூரியில் பயிலும் நம் மகன்களே, உங்கள் அணியில் ஒரு சகோதரி ஓடிவந்து நின்றால், தட்டை அவரிடமும் வீசுங்கள்!

நம் மக்கள் அனைவருக்கும் உடல்நலத்தையும் நற்குணத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக!