கெளிறு ஏன் ஒளிகின்றது?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் நம்மிடையே பலர் உளர். அவர்களுள், தொட்டியின் அடியில் வாழும் கெளிற்றினத்தை வாங்கியவர்கள் மாத்திரம் ஒரு குறை சொல்வதுண்டு. “காசு கொடுத்து வாங்கினோம், காணத்தான் கிடைக்கவில்லை” என்பதே அக்குறை. அது நமக்கும் நேர்ந்தது. அதனால் நாம் செய்த பிழையையும், அப்பிழையைத் திருத்திய ஒரு முதியவரின் சொல்லையும் வாசகர்முன் வைப்பது பயனுடையதென எண்ணுகின்றோம்.

கொழும்புத்துறையில், இறங்குதுறைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள நம் வீட்டிற்கு, சென்ற ஆண்டு இளைய மகளின் ஒன்பதாவது பிறந்தநாளன்று ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. அதனுள் சில வண்ண மீன்களும், கொரிடோராஸ் என்னும் சிறு கெளிறு ஒன்றும் இருந்தன. தென் அமெரிக்க ஆறுகளுக்குரிய சாதி அது. வாயருகே மீசை, உடலின் இருபுறமும் செதிளுக்குப் பதிலாகக் கவசம் போன்ற தகடுகள். வந்த அன்றே அது ஒரு கல்லின் பின்னே புகுந்தது. புகுந்தது புகுந்ததுதான்.

“அப்பா, அதுக்கு வருத்தமோ?” என்று மகள் நாள்தோறும் கேட்பாள். அவளைத் தேற்றும்பொருட்டு நாம் காலையும் மாலையும் கல்லை நீக்கிக் காட்டுவோம். இரவில் ரோச் விளக்கைப் பிடித்துப் பார்ப்போம். உயிரோடிருக்கின்றது எனக் கண்டு ஆறுதலடைவோம். நம் ஆறுதலே அதற்கு ஆக்கினையாயிற்று என்பதை அறிந்திலோம். மூன்றாம் வாரத்தில் மீன் மெலிந்தது. இட்ட உணவு அப்படியே கிடந்தது.

ஒருநாள் மாலை நாம் வழக்கம்போலக் கல்லிற் கைவைத்தபோது, சாய்மனைக் கதிரையில் இருந்த நம் தாயார் வாய் திறந்தார்.

“ஏன் தம்பி அதைப் போட்டு ஆக்கினைப்படுத்துறாய்? தொண்ணூறாம் ஆண்டு பொம்பர் வரேக்கை நாங்கள் எங்கை இருந்தனாங்கள்? மாமரத்துக்குக் கீழை வெட்டின பங்கருக்குள்ளை. அது இருந்தபடியால்தான் வெளியிலை வந்து அடுப்பு மூட்ட எனக்குத் துணிவு வந்தது. ஓட இடமிருக்கெண்டு தெரிஞ்சால்தான் வெளியிலை நிக்க மனம் வரும். நீ அதின்ரை பங்கரை நாளுக்கு இரண்டு தரம் பிடுங்கிறாய்.”

1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின், பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை ஏற்றிய பதுங்குகுழிகள் குடாநாட்டு வளவுகளிற் சாதாரணமாயின. சிறுவராயிருந்த நாமும் அவற்றுள் ஒடுங்கியவர்களே. அதை மறந்துபோனோம். அன்று கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இம்மீனின் இயல்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம்.

கெளிற்றுக்கு ஒளிதல் பெரும்பாலும் பிணியன்று; பிறவிக்குணம். அடிநீரில் வாழும் சிறு மீனைத் தேடிக் கொக்கும் நாரையும் பெருமீனும் பகலில் வரும். ஆதலின் மரவேர், இலைக்குவியல், கற்பொந்து முதலியவற்றில் ஒடுங்கியிருந்து, வெளிச்சம் குறைந்தபின் இரைதேடுவது இவ்வினத்துட் பலவற்றின் வழக்கம். முதுகிலும் மார்புத் துடுப்புகளிலும் உள்ள முள்ளை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளவும் அவை வல்லன. பொந்தினுள் முள்ளைப் பூட்டிக்கொண்ட மீனை இழுத்தெடுத்தல் எளிதன்று.

இருளில் இரை தேடுவதெப்படி? மீசையே அதற்குத் துணை. அது தடவியும் அறியும், சுவைத்தும் அறியும். வட அமெரிக்காவில் உணவுக்காக வளர்க்கப்படும் ஒருவகைக் கெளிற்றின் உடலெங்கும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சுவை மொட்டுகள் உள்ளன. உடலே நாவென்று சொன்னாலும் மிகையாகாது. 1917ஆம் ஆண்டில் பார்க்கர், வான் ஹியூசன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கெளிற்றின் கண்களை மறைத்துவிட்டு அருகே ஒரு கண்ணாடிக் கோலை நீட்டினர். தீண்டும்வரை அது பொருட்படுத்தவில்லை. உலோகக் கோலை நீட்டியபோதோ, தீண்டுமுன்னரே உணர்ந்துகொண்டது. நீரில் தோய்ந்த உலோகத்தைச் சுற்றி எழும் நுண்ணிய மின்னோட்டத்தையும் அறியும் புலன் அதற்கு உண்டு. இத்தகைய உயிரின் கூரையை நாம் தினம் இருமுறை பெயர்த்தோமென எண்ணும்போது வெட்கமுறுகின்றோம்.

இவ்வியல்பைக் காணத் தென் அமெரிக்கா செல்லவேண்டியதில்லை. இலங்கைக் கடலோரங்களில், விலாங்கு போன்ற உடலில் வெண்கோடுகள் ஓடும் நச்சுமுள் கெளிறு ஒன்று உண்டு. அதன் குஞ்சுகள் நூறளவிற் கூடிப் பந்துபோல் உருண்டு திரியும். வளர்ந்தவை பகலெல்லாம் கல்லிடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வெளிவரும். ஒளிதலும் காவல், கூட்டமும் காவல். கொரிடோராஸுக்கோ இரண்டும் வேண்டும். ஆற்றில் அது கூட்டமாய் வாழ்வது. தனியொன்றை வாங்கியதும் நம் பிழையே.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை யாவை? தேங்காய்ச் சிரட்டையைப் பலமுறை அவித்துச் சாயத்தை நீக்கி, விளிம்பில் வாசல் வெட்டி, கூர்முனையை அரத்தால் தேய்த்துக் கவிழ்த்து வைக்கலாம். உடைந்த மண்சட்டியும் உதவும். மீன்களின் தொகையினும் ஒளிவிடங்களின் தொகை சற்று மிகுந்திருத்தல் நன்று. அடியிற் கூரிய கல்லைப் பரப்பினால் மீசை தேயும். கழுவிய மென்மணலே தக்கது. அமிழும் உணவை, விளக்கணைத்தபின் இடவேண்டும். கொரிடோராஸாயின் ஆறேனும் ஒருங்கிருத்தல் வேண்டும். மேல்நீரில் அமைதியாய்த் திரியும் சிறு மீன்களும் துணையாகும். அயலார் அஞ்சாது நடமாடக் கண்டால் நாமும் கதவைத் திறப்போமன்றோ?

எனினும், ஒளிதல் அனைத்தும் நலமென்று கொள்ளலாகாது. நேற்றுவரை வெளியே உலாவிய மீன் இன்று திடீரென ஒளிந்தாலும், இரவிலும் உண்ணாவிடினும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டாலும், மீசை சிவந்து தேய்ந்தாலும் நீரைச் சோதிக்க வேண்டும். இடையிடையே மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிக் குடலாற் சுவாசித்தல் கொரிடோராஸின் இயல்பே. மேலேயே நின்று திணறுமாயின் நீர் கெட்டதென்க. புதுத் தொட்டியிற் கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். கடலையண்டிய கிணறுகளில் உவர்நீர் உள்ளதையும் கருதவேண்டும். உப்பு இம்மீனுக்கு ஆகாது. காணக் கிடைக்கவில்லையே எனச் சலித்துக் குளத்திற் கொண்டுபோய் விடுவதோ பெருந்தீங்கு. தொட்டியிலிருந்து தப்பிய உறிஞ்சுவாய்க் கெளிறுகள் இலங்கையின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றிற் பெருகியுள்ளன.

நம் வீட்டிற் சிரட்டைகள் எட்டும், மேலும் ஐந்து கெளிறுகளும் வந்து சேர்ந்தன. கல்லை எவரும் தொடலாகாதென்பது தாயாரின் கட்டளை. பத்து நாள்வரை ஒன்றும் நிகழவில்லை. பதினோராம் நாள் அந்தியில், “அப்பாச்சி, வெளிக்கிட்டினம்! ஆறு பேரும் வெளிக்கிட்டினம்!” என்று மகள் கூவினாள். ஓடிச்சென்று பார்த்தோம். மெலிந்திருந்த பழைய மீனும் மற்றவற்றோடு மணலை மீசையாற் கிளறிக்கொண்டு திரிந்தது. இப்போதெல்லாம் பகலிலும் அவற்றைக் காண்கின்றோம். ஒளிவிடம் பெருகப் பெருக ஒளிதல் குறைந்தது.

தாயார் நெடுநேரம் தொட்டியைப் பார்த்தபடி இருந்தார். மகள் அவர் மடியிற் சாய்ந்து, “அப்பாச்சி, எங்கடை பங்கர் எங்கை இருந்தது?” என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் அவ்வினாவை அவரிடம் எவரும் கேட்டதில்லை. அவர் எழுந்து, பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு, மாமரத்தடிக்கு நடந்தார்.